இணைக்கப்பட்ட ஊரின் வாக்காளர்

பிரெஞ்சுத் தலைநகரின் ரூ பெர்தொனே தெருவில் ஒரு தேநீர்க்கடையின் மூலையில் அமர்ந்து நான் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்த நாட்களில் நோர்வேயிலிருந்து ஒருவர் வந்தார். மீன் ஆலைக் குளிரில் வெடித்துத் தடித்த விரல்கள். பக்கத்துக் கார் து நோர் நிலையத்தில் ரயில் இரையும்போதெல்லாம் எழுந்து எழுந்து அமர்ந்தார். வதிவிட அனுமதிக்கு முன்னைய முகவரி வேண்டும். அவர் வாழ்ந்த நோர்வேக் கிராமசபையோ பக்கத்து நகரசபையோடு இணைக்கப்பட்டுப் பெயரும் மறைந்திருந்தது.

“புதுப்பேரை எழுதுவம் அண்ணை. இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

“இணைக்க வேண்டாமெண்டு வோட்டுப் போட்டனான், தம்பி. என்ரை சீவியத்திலை போட்ட ஒரே வோட்டு. தோத்துப்போனம். இப்ப என்ரை கையெழுத்துக்கு மேலையே அந்தப் பேரை எழுதப் போறீரோ?”

பழைய பெயரையே எழுதினேன். அனுமதி கிடைத்ததா என்று அறியேன். ‘முன்னைய முகவரி’ என்ற கட்டத்துக்கு வரும்போதெல்லாம் என் பேனா இன்றும் தயங்குகிறது.