நாலு டிகிரி கழிவு

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிகக் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மா இன்றும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறார். அடுத்த வருஷமும் எனக்கு அந்த வேலை உண்டா என்பது, கல்பாத்தியிலிருந்து வந்த தலைமை ஆசிரியை என் வகுப்பைப் பார்த்து எழுதப்போகும் குறிப்பில் இருந்தது.

அன்று அவர் எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஆளுக்கொரு முக்கோணம் வரைந்து, மூன்று கோணங்களையும் அளந்து கூட்டச் சொன்னேன். பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தவர் கேட்டார்: "இதென்ன, 184, கழிவு 4, பாக்கி 180?"

"இலை எடை போடுறப்ப சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பாங்கல்ல டீச்சர், அதே மாதிரிதான்" என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்ற தோரணையில்.

வகுப்பில் பாதிப் பேர் கழித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. "கோணத்துக்குச் சாக்கு கிடையாது. அளவை நம்பாதீங்க, காரணம் கேளுங்க" என்று கொஞ்சம் மேடைப் பேச்சாகவே சொல்லிவிட்டு, முக்கோணத்தின் உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டேன்.

"அந்தக் கோடு கேள்வியில இல்லையே சார். யாரக் கேட்டுப் போட்டீங்க?" அதே பெண்.

"யாரையும் கேக்க வேண்டாம். கீழ ரெண்டு மூலையில இருக்குற கோணமும் மேல வந்து உச்சிக் கோணத்துக்கு ரெண்டு பக்கமும் உக்காந்துரும். மூணும் சேந்தா ஒரு நேர்கோடு. 180."

"கீழ இருக்குறதும் மேல இருக்குறதும் ஒண்ணுதான்னு எப்படி சார்?"

"அளந்து பாரேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. முன் பெஞ்சுப் பையன் ஒருவன் பணிவாகக் கேட்டான்: "அதுல எவ்வளவு சார் கழிக்கணும்?"

வகுப்பே சிரித்தது. பின்னால் பேனா ஓடும் சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது. போச்சு, வேலை.

"தப்பு என்னோடதுதான்" என்றேன். "இணைகோடுகள்ல ஒத்த கோணங்கள் சமம்னு போன வருஷம் ஒத்துக்கிட்டீங்கல்ல, அங்கிருந்து வருவோமா?"

"ஒத்துக்கிட்டது புத்தகம். சரி, இன்னைக்கு விடுறேன்" என்று அந்தப் பெண் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கினாள். முக்கோணத்தின் பக்கத்தை உச்சிக்கு மேலே நீட்டினாள். கீழ்க்கோணத்துக்கு ஒத்த கோணம் அங்கே நின்றது. அதற்கு நேர் எதிரே, நான் காட்டிய கோணம். "ரெண்டு கோடு வெட்டுனா எதிர்க்கோணம் சமம். அத மட்டும் நீங்க ஒழுங்கா நிரூபிச்சீங்க சார்." மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை, மற்ற மூலை பாக்கி இருந்ததால்.

வெளியே வந்ததும் தலைமை ஆசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஜூன்ல நான் எடுக்கற ஒன்பதாம் கிளாஸையும் நீங்களே எடுத்துக்கோங்கோ. அந்தப் பொண்ணுகிட்ட மாட்டிக்க என்னால முடியாது."