மாரியக்கா பாலும் சிவப்பு விளக்கும்

சோழபுரம் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் எங்கள் மிஷினுக்கு அன்றுதான் முதல் சோதனை. பாலில் யூரியா கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் பயோசென்சர் அது. வீட்டில் சுகர் பார்க்கும் கருவி மாதிரி சின்னது. ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டுப் பால் விட்டால் போதும். அதைச் செய்வதற்குள் பிஎச்.டி. முடித்த எங்கள் மேடத்துக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட நான் அவருக்கு உதவியாள். ஐஸ் பெட்டி தூக்குவது, வண்டி ஓட்டுவது, 'டாக்டரம்மா' என்று முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது எல்லாம் என் வேலை.

பால் ஊற்ற வந்த மாரியக்காவின் பாலுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் 'கலப்படம்' என்று வந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இனி அவர் பாலை எடுக்க முடியாது என்றார் செயலாளர்.

அக்கா மேடத்தை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, ஒரு மூடை யூரியாவுக்கு நான் படுத பாடு எனக்குத்தான் தெரியும். அதப் போயி பால்ல கொட்டுவனா?"



மறுநாள் காலை அவர் தொழுவத்துக்கே போனோம். எங்கள் கண் முன்னால் கறந்தார். மறுபடியும் சிவப்பு.

"மாடே கலந்து விடுது மேடம். மாட்டு மேல கேஸ் போட்டுருவோம்" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. தீவனத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி நிறைய ஆட்டிய பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும். கன்று போட்ட மாடு என்று அக்கா கணக்குப் பார்க்காமல் வைத்திருக்கிறார்.

மேடம் கவிழ்ந்து கிடந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். மாடு தின்பதில் புரதம் மிஞ்சினால் அதுவே பாலில் யூரியாவாக வருமாம். அவருக்குத் தெரிந்ததுதான், இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எவ்வளவு யூரியாவுக்கு மேல் சிவப்பு என்று நாங்கள் அளவு வைத்தது வைக்கோல் தின்கிற காலேஜ் பண்ணை மாடுகளின் பாலை வைத்து. இளைத்த மாட்டுக்கு அளவெடுத்த சட்டையைக் கொழுத்த மாட்டுக்கு மாட்டியிருக்கிறோம்.

சொசைட்டியில் சொன்னால் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சரிசெய்த பிறகு சொல்லலாமே என்று மேடத்திடம் கேட்டேன்.

"நேத்து எல்லார் முன்னாடியும்தானப்பா அந்தம்மாவ அப்படிக் காட்டுச்சு" என்றார்.

சாயங்காலப் பால் வரிசைக்கு முன்னால் நின்று சொன்னார்: "அக்கா பால்ல கலப்படம் இல்ல. தப்பு எங்க மிஷின்ல."

செயலாளர் மாரியக்கா பாலை அளந்து ஊற்றிக்கொண்டு, மிஷினை என் கையில் கொடுத்தார். வண்டியை ராஜபாளையத்துக்குத் திருப்பினேன்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வீடு வீடாகப் பால் வாங்கி, முதலிலிருந்து அளவு வைக்கிறோம். எப்போது முடியும் என்று மேடத்திடம் நான் கேட்பதில்லை. திரையில் 'கலப்படம்' கிடையாது, எண் மட்டும் வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எண் அதிகமாக வந்தால் ஆளைப் பார்க்காதீர்கள், முதலில் தொட்டியைப் பாருங்கள்.

மாரியக்கா வீட்டுக்கும் பால் வாங்கப் போகிறேன். காப்பியை நீட்டிக்கொண்டே கேட்பார்: "சொட்டு விட்டுப் பாத்துட்டுக் குடிக்கியா, இல்ல சும்மாவே குடிக்கியாலே?"