ஓடையை மறித்தவனைத் தேடி

போன வாரம், இந்த வயசில், கையில் கம்போடு மலை ஏறினேன். சாமி கும்பிட இல்லை... சண்டை போட!

என்னைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மூன்றாம் கிளாசைத் தாண்டாதவன் நான். உப்பு மூட்டையைத் தலையில் தூக்கி, மெட்டு என்கிற மலைப்பாதையில் ஏறியவன். அப்புறம் ஒரு மாட்டுவண்டி, அப்புறம் பல வண்டிகள், அப்புறம் பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலையடியில் சொந்தமாக ஒரு வெற்றிலைக் கொடிக்கால். யார் தயவும் கிடையாது. என் வெற்றிலையை வாயில் போட்டால் மதுரைக்காரன் கண்ணை மூடிக்கொள்வான். சந்தேகமென்றால் போட்டுப் பாருங்கள்...

இனி முடியாது. அந்தக் கதைதான் இது.

மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் என் கொடிக்காலுக்கு உயிர். சித்திரை வெயிலிலும் கணுக்கால் நனையும். இந்த வருஷம் தை பிறந்ததுமே மணல் தெரிந்தது. கொடி வாடினால் நான் மட்டுமா வாடுவேன்? சவரிமுத்துவும்தானே!

சவரிமுத்து என் பங்காளி. நிலம் என்னுடையது, பாடு அவனுடையது, வெற்றிலை பாதிக்குப் பாதி. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் பம்பாய், மதுரை என்று பிரிந்தார்கள். அதற்குப் பிறகு தினம் என்னோடு நாலு வார்த்தை பேசுகிற மனுஷன் அவன் ஒருத்தன்தான். பேச்சு என்ன பேச்சு — திட்டுதான்! கொடிக்காலுக்குள் செருப்போடு நுழையக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கோ மறந்து மறந்து போகும்.

"அண்ணே, செருப்பு!"

"என் கொடிக்கால்டா!"

"உங்களதுதான், யாரு இல்லைன்னது? கொடிக்கு அது தெரியுமா? கழட்டிட்டு வாங்க."

அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன். நான் குச்சனூர்ச் சனீஸ்வரனிடம் போகிறவன். செருப்பு விஷயத்தில் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே மதம்.

நான் மலை ஏறிய அன்றைக்கு அவன் திட்டவில்லை. வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தான். "தண்ணி வரலைன்னா நான் வேற பொழப்புப் பாக்கணும்ணே. வீட்டுல பிள்ளைக இருக்கு" என்றான்.

"எவனோ மேல ஓடையை மறிச்சிருக்கான். போய் உடைச்சுட்டு வாரேன், இரு!"

ஓடை வற்றினால் எங்கள் ஊரில் மழையைச் சந்தேகப்படுகிறவன் கிடையாது. மேல்தோட்டத்துக்காரனைத்தான் சந்தேகப்படுவோம். போனால், அவன் தோட்டமும் காய்ந்து கிடந்தது. என் கம்பைப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்க பெரியவரே. எனக்கு மேல இருக்கிறவனை நானும்தான் தேடுறேன். பிடிச்சீகன்னா எனக்கும் ரெண்டு அடி மிச்சம் வைங்க!"

அவனுக்கு மேலே வெறும் பாறை. விடுவேனா? மூச்சு வாங்க உச்சிவரை ஏறினேன். அங்கே திருவிதாங்கூர் எல்லை. நான் சுமை தூக்கிய காலத்தில் பகலிலும் இருட்டிக் கிடந்த காடு. அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு நடப்போம். இப்போது வெட்டவெளி. கருகிய அடிமரங்கள். ஓடை பிறக்கிற ஊற்றில் ஈரம்கூட இல்லை. சுற்றிலும் மரவள்ளிக் குச்சிகள்.

மண்வெட்டியோடு ஒரு அம்மா நின்றிருந்தாள். கோட்டயத்துப் பக்கத்துக்காரி. "எந்தா அண்ணாச்சி, கம்பும் கொண்டு?"

எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் கேட்டேன். "மரத்தையெல்லாம் வெட்டினது ஆரு?"

"ஞங்ஙள்தான். சர்க்கார் சொல்லி, வெட்டி."

"எதுக்கு?"

"அரி இல்லல்லோ அண்ணாச்சி! ரங்கூன் அரி நின்னு போயி. பிள்ளைக எந்து தின்னும்?"

ரங்கூன்! ஜப்பான்காரன் அங்கே நுழைந்த செய்தியைக் காப்பிக்கடையில் ஒருத்தர் பேப்பர் பார்த்து வாசித்தபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அங்கன குண்டு விழுந்தா நமக்கென்னய்யா? ரங்கூன் அரிசி தின்னு வளந்த உடம்பா இது? இங்கன நம்ம நெல்லு, நம்ம தண்ணி!" கடையே தலையாட்டியது.

யுத்தம் முடிந்தும் அந்த அரிசி வந்தபாடில்லை. எங்கேயோ கப்பல் நின்றது, எங்கேயோ உலை கொதிக்கவில்லை, கோடாலி விழுந்தது என் ஓடையின் தலையில். இதில் யாரைக் கம்பால் அடிப்பது?

அந்த அம்மா அவித்த மரவள்ளியைச் சட்டியோடு நீட்டினாள். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

இறங்கி வந்து சவரிமுத்துவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். காடு போனதைச் சொன்னேன், ஊற்று போனதைச் சொன்னேன். அவன் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அங்கன வேலைக்கு ஆள் எடுக்குறாகளாண்ணே?"

எடுக்கிறார்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்டு பிள்ளைகளோடு மெட்டு ஏறிவிட்டான். எங்கள் தண்ணீரைக் குடித்த அதே மரவள்ளிக் காட்டில்தான் இனி அவனுக்குக் கஞ்சி. கிளம்பும்போது, "கொடிக்காலைப் பாத்துக்கங்கண்ணே" என்றான். பார்க்க என்ன இருக்கிறது?

நேற்றுப் போனேன். அகத்தி மரங்களில் கொடி பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செருப்போடு உள்ளே நுழைந்தேன் — மறந்து அல்ல, வேண்டுமென்றேதான். நட்டநடுவில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன்...

ஒருத்தரும் திட்டவில்லை.