மூச்சுவெட்டி

ஸ்டூடியோவில் அவருக்கு மூச்சுவெட்டி என்று பெயர். கதை வாசிப்பவர்களின் குரலில் வரிக்கு நடுவே கேட்கும் மூச்சு, எச்சில், தொண்டைக் கரகரப்பு எல்லாவற்றையும் வெட்டித் துப்புரவாக்குவது இருபத்தாறு வருஷப் பிழைப்பு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கல்யாணமான புதிதில் மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சே, இடது மூக்கு அடைத்திருக்கிறது போலிருக்கே என்பதுதான். அந்தம்மா இன்னும் அதை மன்னிக்கவில்லை.

வாசிப்பவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். இயேசுவின் வாழ்க்கையைக் காதால் கேட்கும் கதையாக அண்ணன் ஆறு மாதம் வாசித்தார். தச்சுப் பட்டறை, ஏரிக்கரை, விசாரணை, சிலுவை என்று கதை போகப்போக, மூன்றாம் மாதத்திலிருந்து மூச்சில் இழுப்பு கூடிக்கொண்டே வந்தது. தம்பி அத்தனையும் வெட்டினார். அவருக்கு அது பிசிறாகப் பட்டதே தவிர நோவாகப் படவில்லை. தொழில் புத்தி அப்படி. கடைசி அத்தியாயம் முடித்த பத்தாம் நாள் அண்ணன் போய்விட்டார். நெஞ்சில் வெகுநாளாக நீர் கோத்திருந்ததாம். கூட இருந்தவர்கள் யாருமே கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். யாருக்குமே தெரியாதே என்று அண்ணி அழுதாள்.

அண்ணன் வாசித்த கதையில் இயேசுவின் கல்லறையை மூடியதும் ஒரு நிமிஷம் நிசப்தம் வரவேண்டும். நிசப்தத்தையும் பதிவு செய்துதான் ஒட்டுவார்கள். சும்மா விட்டால் கேட்கிறவர்கள் மிஷின் நின்றுவிட்டதாக நினைப்பார்கள். பட்டப்பகலில், ஆளில்லாத அறையில் மைக்கை மட்டும் விட்டுக் கதவைச் சாத்தி, ஒரு நிமிஷம் பதிவு செய்தார்.

போட்டுக் கேட்டால் இருபதாவது விநாடியில் ஒரு மூச்சு. வெட்டினார். மறுபடி போட்டார், வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏழு தடவை வெட்டியும் போகவில்லை. இழுத்து, நின்று, மெல்ல விடும் மூச்சு. ஊரார் மூச்சையெல்லாம் பிரித்தறிந்த காதுக்கு அது யாருடையது என்று சொல்லவா வேண்டும்? ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார். அப்போதும் கேட்டது.

டாக்டரிடமும் அண்ணியிடமும் சொல்லாததை அந்த வெற்று அறையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்ணே. நாலு மாசமா தினமும் கேட்டேன். உடம்புக்கு என்னன்னு ஒரு வார்த்தை விசாரிக்கல. வெட்டி வெட்டிப் போட்டுட்டேன்."

மூச்சு நின்றது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, அடுத்த மூச்சு வராதா என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.