அலப்பறையின் இரண்டாவது ஆல்பம்

ஸ்டெபியை உங்களுக்குத் தெரியாதென்றால், நீங்கள் திருநெல்வேலி டவுணில் சேலை எடுத்ததில்லை என்று அர்த்தம். ரத வீதியிலுள்ள எங்கள் ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில், எனக்குப் பக்கத்தில் நிற்பவள். ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும் வரை நிற்பதுதான் எங்கள் உத்தியோகம். சேலை விற்பதெல்லாம் அதற்கு மேல் செய்யும் வேலை.

பாளையங்கோட்டைக்காரி. சர்ச் பாடகர் குழுவில் பழகிய தொண்டை. அவளும் தம்பி ஜாபேஸும் நடத்தும் குழுவுக்கு 'அலப்பறை' என்று பெயர். ஹார்ட்கோர் ஹிப்-ஹாப் என்பான் ஜாபேஸ். எனக்கு யாரையோ சண்டைக்கு இழுப்பது மாதிரிதான் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் கடையின் மாடிக் குடோனில் பதிவு செய்வார்கள். சுற்றிலும் துணிக்கட்டு என்பதால் அங்கே எதிரொலி கிடையாது. சாவி கொடுத்தவர் முதலாளி ஐயம்பெருமாள் அண்ணாச்சி. முதல் ஆல்பம் ஊர்ப்பெருமை பாடியது. "நம்ம கடைப் பிள்ளை பாடுனது" என்று அதைக் கடை ஒலிபெருக்கியில் போட்டுத் தெருவையே கூட்டியவரும் அவர்தான்.

அதே குடோனின் மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஸ்டூல்கள் கிடந்தன. விற்பனைப் பெண்கள் உட்கார இடம் தர வேண்டுமென்று சட்டம் வந்தபோது வாங்கியவை. அதிகாரி வந்தால் கீழே இறங்கும், அவர் போனதும் மேலே ஏறும். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தோம். ஸ்டெபி அவற்றில் ஒன்றின்மேல் உட்கார்ந்து 'நின்னேன்' என்ற பாட்டைப் பதிவு செய்தாள்.

ஜாபேஸ் பயந்தான். அந்த வீட்டில் உலை கொதிப்பதே அவள் சம்பளத்தில்தான்.

"இந்தப் பாட்ட மட்டும் எடுத்துரு, அக்கா. வேலையும் போவும், குடோனும் போவும்."

"அப்பம் இதத்தாம்லே முதப் பாட்டா வைக்கணும்" என்றாள். வைத்தும் விட்டாள்.

இரண்டாவது ஆல்பம் தீபாவளிக் கூட்டத்தின்போது வந்தது. அண்ணாச்சி கேட்டுப் பார்க்கவில்லை. இதுவும் ஊர்ப்பெருமைதான் என்று நினைத்து, தன் கையாலேயே ஒலிபெருக்கியில் போட்டார்.

"நின்னேன் நின்னேன், கரண்டக்காலு வீங்க நின்னேன்,
மூத்திரத்த அடக்கிக்கிட்டு பட்டுச் சேல விரிச்சேன்!
ஆபீசரு வந்தாத்தான் ஸ்டூலு கீழ வருது,
அவரு போன மறுநொடியே மாடி மேல ஏறுது!"

சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் கால்களைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

அண்ணாச்சி ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினார். "எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேளு. இல்லன்னா இப்பமே போ!"

ஸ்டெபி போனாள், வாசலுக்கு அல்ல, மாடிக்கு. ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நடுக்கடையில் அதன் பிளாஸ்டிக்கைச் சர்ரென்று கிழித்து, நிதானமாக உட்கார்ந்தாள். எதிரே களக்காட்டிலிருந்து கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஓர் அம்மா.

"அந்த மயில்கழுத்துக் கலர எடுக்கட்டாம்மா?"

அந்த அம்மா அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். "எடு தாயி. பையப் பைய எடு. உக்காந்தே எடு."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "அவ கிடக்கா, நீ போயி சேலையக் காட்டு" என்று உறுமினார்.

நான் மாடிக்குப் போனேன், எனக்கொரு ஸ்டூல் எடுக்க.