பேனாட்டின் முகம்

என் தம்பி ஜனார்த்தன் பொல்லாத பொறாமைக்காரன். கோப்பிக் கடையில் காசு வாங்குகிறவனைப் பார்த்து பேனாட் சிரித்தாலும் இவனுக்கு அன்று சாப்பாடு இறங்காது.

கனடாவில், ஸ்காபரோ மண்டபங்களில் கல்யாணப் படம் எடுப்பது தம்பியின் தொழில். ஆல்பத்துக்கு உதவாதென்று வீட்டார் தள்ளிவிடும் படங்களை, சாப்பாட்டு வரிசையில் தங்களுக்குள் முறுகும் மாமிமாரை, செருப்புத் தேடும் மாப்பிள்ளைத் தோழனை, தனியே சேர்த்து வைத்திருந்தான். கலைக்கூடமொன்றில் கண்காட்சிகள் அமைக்கும் பேனாட் அவற்றைக் கண்டார். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். வாங்க ஆள் பிடித்தார். கடைசியில் தம்பியோடேயே குடிவந்தார். அம்மா இன்றைக்கும் "வாடகைக்கு இருக்கிற பெடியன்" என்றுதான் சொல்லுவா. பெடியனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

பேனாட் தன்னை மட்டும் படம் எடுக்க விடமாட்டார். என் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் அம்மாவே கூப்பிட்டும் குடும்பப் படத்துக்கு மேடை ஏறவில்லை. "தெரிவு செய்யிறவன் படத்துக்குள்ள வரக்கூடாது" என்பார். இத்தனை வருடத்தில் தம்பி எடுத்த படங்களில் இருப்பது அவருடைய முதுகு மட்டும்தான். ஒரே ஒரு முகம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான்.

பிறகு பக்கத்து ஊரான விட்பியிலிருந்து நிதுசன் வந்தான். இரண்டாவது கமராவுக்கு ஆள் வேண்டுமென்று தம்பியேதான் கூட்டிவந்தான். வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதைதான். பேனாட் அவனையும் புகழத் தொடங்கினார். "உவனுக்குக் கமரா பிடிக்கவே தெரியாது அக்கா" என்று தம்பி எனக்குப் போனில் பொரிந்து தள்ளுவான்.

போன ஞாயிறு தம்பி வீட்டுக்கு இறைச்சி ரோல்ஸ் கொண்டு போயிருந்தேன். புதுக் கண்காட்சிக்கான படங்களை பேனாட் தரையில் பரப்பியிருந்தார். எது முதற் சுவருக்கு என்று எப்போதும் தம்பிதான் சொல்ல வேண்டும். நிதுசன் அனுப்பிய கட்டுக்குள் ஒரு படம்: காருக்குள் பேனாட், வாய் நிறையச் சாப்பாடு, கமராவைப் பார்த்து வெடித்துச் சிரிக்கிறார்.

பேனாட் அவசரமாகக் குனிந்தார். "அது தவறி வந்திட்டுது."

"விடுங்கோ," என்றான் தம்பி. "உந்தப் படத்தைத்தான் முதல்ல மாட்டோணும். இதுக்குள்ள உதுதான் நல்ல படம்."

"கோவத்தில சொல்லாதை, ஜனா."

"கோவம்தான். வயிறு பத்தி எரியுது. ஆனா எத்தினை மாப்பிள்ளையளின்ர முகத்தைப் பாத்தனான்! கமராவுக்குப் பின்னால ஆர் நிக்கினம் எண்டு அந்த முகம் சொல்லிப்போடும்."

இல்லையென்று ஒரு சொல் பேனாட் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் மேசையில் கிடந்த தம்பியின் கமராவை எடுத்து அவன் கையில் கொடுத்தார். சுவரோரம் போய் நேராக நின்றார். "எடு" என்றார்.

தம்பி கண்ணை வைத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு கமராவை இறக்கி மூடியைப் போட்டான்.

"எனக்குப் பாவம் பாத்து நிக்கிறியள், பேனாட்," என்றான். "அதுவும் படத்தில விழும்."