ஆளில்லாத கம்பியைத் தொட்ட ஒளி

‘மைக்ராஸ்கோப் அக்கா’ என்றால்தான் அந்தக் கட்டடத்தில் அவளைத் தெரியும். பதினெட்டு வருஷமாக அடித்தள அறையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு குடித்தனம். “என்னைவிட அதுகிட்டதான் நல்லாப் பேசுற” என்பார் வீட்டுக்காரர்.

இந்த மூன்று வாரமாக அதனோடும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. வெள்ளிக் கம்பியின் ஓரமாக எலக்ட்ரான்கள் பாயும் அதே கணத்தில் லேசர் ஒளியும் கம்பியில் விழ வேண்டும். சந்தித்தால் எலக்ட்ரான் ஒளியிடம் ஆற்றலை வாங்கும், அல்லது கொடுக்கும். ஒளித்துகள் ஒன்று, இரண்டு என்று முழுசாகத்தான், அரைகுறை கிடையாது. எலக்ட்ரான்களின் ஆற்றலைத் திரையில் வரைந்தால் நடு மேட்டுக்கு இருபுறமும் குட்டி மேடுகள் எழும். அவற்றை வைத்துக் கம்பியைச் சுற்றிய ஒளியைப் படம் எடுக்கலாம்.

மேடுதான் எழவில்லை. ஒளியின் நேரத்தை மாற்றும் கண்ணாடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பதினோரு முறை நகர்த்திவிட்டாள். இன்று ஐந்து மணிக்கு இயந்திரம் அடுத்த குழுவுக்கு. இவள் குழுவுக்கு மறுமுறை ஏழு மாதம் கழித்து.

மூன்று மணிக்கு லேசர்க்காரர் தலையைச் சொறிந்தார்.

“அக்கா, போன மாசம் லேசர் மேஜையை ஒழுங்குபண்ணேன். ரெண்டு கண்ணாடியைச் சுவரோரமாத் தள்ளி வச்சேன். அதனால ஒண்ணும் இல்லையே?”

டேப்பை எடுத்து அளந்தாள். ஒளியின் பாதை தொண்ணூறு சென்டிமீட்டர் கூடியிருந்தது. ஒளிக்கு அது மூன்று நானோசெகண்ட் தாமதம். அவள் கண்ணாடிக்கு எட்டாத தூரம். மூன்று வாரமாக எலக்ட்ரான் போன பிறகுதான் ஒளி வந்து வெறுங்கம்பியைத் தொட்டிருக்கிறது.

“இதை இப்பத்தான் சொல்லத் தோணுச்சா?”

“நீங்க கேக்கலையே!”

“என்னன்னு கேக்கிறது? மேஜை துடைச்சீங்களான்னா?”

ஆத்திரத்தில் பாதி அவள்மேலேயேதான். முதல் நாளே பாதையை அளக்காமல் பழைய நோட்டில் இருந்த எண்ணை நம்பியவள் அவள்.

கண்ணாடிகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து ஒளியைக் கம்பிமேல் நிறுத்த ஒன்றரை மணி நேரம் ஆனது. நாலு நாற்பதுக்கு மேடுகள் எழுந்தன. பக்கத்துக்கு மூன்று, அளந்து வைத்தாற்போல. லேசர்க்காரர் கை தட்டினார். அவள் தட்டவில்லை, படத்துக்கு நாற்பது நிமிஷம் வேண்டும்.

படம் பாதியில் இருக்கும்போது, ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

“இன்னும் இருபதே நிமிஷம்,” என்றாள்.

“முடியாதுங்க. எங்க சாம்பிள் பனியில இருக்கு, உருகிடும்,” என்றாள் அடுத்த குழுத் தலைவி.

அது நியாயம். அதுதான் இன்னும் எரிந்தது. பதிவை நிறுத்தினாள்.

பேராசிரியர் போனில் கேட்டார்: “கெடச்சுதா?”

“மேடு கெடச்சுது சார். படம் பாதிதான்.”

“பாதியை வச்சு என்னம்மா பண்றது?”

போனை வைத்தாள். ஏழு மாதத்துக்கு அப்பாலுள்ள தேதியைப் பதிவேட்டில் எழுதினாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது.